ஓய்வெடுத்தே களைத்த நீர்நாய்

நாணல்தாங்கல் ஏரியின் மேற்குக் கரையில் சுழியன் என்று ஒரு நீர்நாய் இருந்தான். நீந்துவதில் கெட்டிக்காரன். நீந்தியதைப் பற்றிப் பேசுவதில் அதைவிடக் கெட்டிக்காரன்.

"நான் கிளம்பிட்டேன்னு தண்ணிக்குத் தெரியறதுக்குள்ளே நான் போய்ச் சேர்ந்திருப்பேன்!" என்பான். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் நாணல் தட்டைகளைப் பார்த்துச் சொல்வான். அவை தலையை ஆட்டும். அவனுக்கு அதுவே போதும்.

கிழக்குக் கரையில் இன்னொரு நீர்நாய் இருந்தான். பெயர் பாறையன். அவனும் நல்ல நீச்சல்காரன்தான். ஆனால் கொட்டாவி விடவும் மீன் தின்னவும் தவிர வாயைத் திறக்க மாட்டான்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. கோடை வந்தால் ஏரி வற்றிவிடும். மதகுக்குப் பக்கத்தில் இருக்கிற மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்த மடுவில் கிடைக்கிற மீன் ஒரு குடும்பத்துக்குத்தான் காணும். இரண்டு குடும்பம் இறங்கினால் இரண்டும் பட்டினி. அதனால் பங்குனி பிறந்ததும் இரண்டு கரைக்கும் போட்டி நடக்கும். கரையோரம் விழுந்து கிடக்கிற பனங்கட்டையிலிருந்து மதகுக் கல் வரை ஒரே மூச்சில் பாய வேண்டும். ஒரே காலையில் மூன்று பாய்ச்சல். இரண்டில் ஜெயித்த கரைக்கு மடு சொந்தம். தோற்ற கரை குடும்பத்தோடு ஆற்றுக்கு நடக்க வேண்டும். நாலு மைல் தூரம் வெறும் பொட்டல். மேலே பருந்து வட்டமடிக்கும்.

அந்த வருஷம் சுழியனின் மனைவி அலைச்சி மூன்று குட்டிகள் ஈன்றிருந்தாள். இன்னும் கண்கூடத் திறக்காத குட்டிகள். கரை வளைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

"இங்கே பாருங்க," என்றாள் அலைச்சி ஒரு நாள். "நாம தோத்துட்டா குட்டிகளை வாயில கவ்விக்கிட்டுத்தான் பொட்டலைத் தாண்டணும். குட்டி மூணு. நமக்கு வாய் ரெண்டு."

சுழியனுக்கு நெஞ்சு திக்கென்றது. அதை வெளியே காட்டிக்கொள்வானா?

"அட, நான் எதுக்கு இருக்கேன்? நாளையிலேர்ந்து பயிற்சி! நீ பாத்துக்கிட்டே இரு!" என்றான்.

சொன்னபடியே மறுநாள் விடிந்ததும் இறங்கிவிட்டான். பனங்கட்டையிலிருந்து மதகுக் கல்லுக்கு ஒரு பாய்ச்சல். திரும்பி வந்து மறுபடி ஒரு பாய்ச்சல். இப்படிப் பத்துத் தடவை. நெஞ்சு படபடவென்று அடிக்கும். பத்தாவது பாய்ச்சல் முடிந்ததோ இல்லையோ, அப்படியே கரைமேல் தாவி விழுந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடப்பான். அதற்குப் பிறகு அன்றைக்கு அசையவே மாட்டான்.

இப்படி ஒரு வாரம் போனது. போட்டிக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, காலையில் எழுந்தால் கால்கள் நாலும் மரக்கட்டையாகக் கிடந்தன. வாலைத் திருப்பலாம் என்று பார்த்தால் வால் வரவில்லை.

"ஐயோ, உடம்பெல்லாம் கட்டிக்கிச்சே! நான் என்ன பண்ணுவேன்!" என்று ஓலமிட்டான் சுழியன்.

ஏரிக்கரையில் நின்றுகொண்டு அப்படி ஓலமிடலாமா? உடம்பு சரியில்லை என்று சத்தமாகச் சொன்னால் போதுமே, நாலு திசையிலிருந்தும் வைத்தியர்கள் கிளம்பி வந்துவிடுவார்களே!

முதலில் வந்தது நண்டு.

"என்ன மாப்ளே, நரம்பு சுருட்டிக்கிச்சா? பிடிச்சு விட்டா எல்லாம் சரியாப் போயிடும். காலை நீட்டு!" என்றது.

சுழியன் காலை நீட்டினான். நண்டு தன் பெரிய கொடுக்கால் ஒரு பிடி பிடித்தது.

"அம்மாடி!" என்று ஒரு முழம் துள்ளினான் சுழியன்.

"வலிக்குதா?"

"உயிர் போகுது!"

"அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்! அடுத்த காலை நீட்டு!"

நண்டு இரண்டாவது காலில் இருக்கும்போதே எருமை வந்து சேர்ந்தது. சேற்றில் புரண்ட உடம்போடு அசைந்து அசைந்து வந்தது.

"நண்டு பிடிச்சா சூடு ஏறும் தம்பி. சூட்டை இறக்கச் சேறுதான் மருந்து. கழுத்து வரைக்கும் புதைஞ்சு கிட. நான் மத்தியானம் பூரா சேத்துலதான் கிடக்கிறேன். என்னைக்காவது எனக்கு உடம்பு வலின்னு கேள்விப்பட்டிருக்கியா?" என்றது.

"நீ என்னைக்கு அக்கா இந்த ஏரியில பாய்ஞ்சு நீந்தியிருக்கே?"

"அதைத்தானே சொல்றேன், வலியே கிடையாது!"

சுழியனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. போய்ச் சேற்றில் இறங்கினான். ஏறும்போது மூக்கு நுனி மட்டும்தான் அவனுடையதாகத் தெரிந்தது.

பட்டுப்போன மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த நீர்க்காகம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு மனசு கேட்கவில்லை.

"டேய் சுழியா! நீந்திட்டு வந்தா முதல்ல வெயில்ல காயணும்டா! என்னைப் பாரு. முங்கி எழுந்ததும் ரெண்டு இறக்கையையும் விரிச்சு அசையாம நிப்பேன். அப்புறம் பாரு, புதுசாப் பொறந்த மாதிரி இருக்கும்!" என்றது.

"எனக்கு இறக்கை இல்லையே அண்ணே."

"கை இருக்கில்ல? விரி!"

சுழியன் ஒரு மரமுண்டின்மேல் ஏறிப் பின்னங்காலில் நின்று கைகள் இரண்டையும் விரித்தான். பழகாத நிற்பு அல்லவா? முதலில் இடப்பக்கம் சாய்ந்தான். சமாளித்து வலப்பக்கம் சாய்ந்தான். கடைசியில் முகம் குப்புற விழுந்தான். எழுந்து மறுபடி ஏறி நின்றான். முயற்சியில் குறை சொல்ல முடியாது.

எல்லோரும் சொல்லி முடிக்கட்டும் என்று கொக்கு காத்திருந்தது. ஒற்றைக் காலில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அலைச்சி பிடித்து வந்து போட்டிருந்த கெண்டை மீனை மற்றொரு கண்ணால் பார்த்தபடி நின்றது.

"எல்லாம் சரி," என்றது கொக்கு மெதுவாக. "வைத்தியம்னா பத்தியம் வேண்டாமா? போட்டி முடியறவரைக்கும் மீனைத் தொடாதே. வயித்துல கனம் ஏறினா வேகம் போயிடும். ஒரு நத்தை, ரெண்டு நத்தை தின்னுக்கோ. அது போதும்."

"அப்ப அலைச்சி பிடிச்சுக்கிட்டு வர்ற மீனை என்ன பண்றது கொக்கய்யா?"

கொக்கு பெருமூச்சு விட்டது. "என்ன பண்றது? உனக்காக அந்தக் கஷ்டத்தை நானே ஏத்துக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் கெண்டை கொக்கின் கழுத்தில் இறங்கிவிட்டது.

"இன்னொண்ணு," என்றது கொக்கு வாயைத் துடைத்தபடி. "சாயங்காலம் ஒத்தைக் கால்ல நில்லு. ஒரு காலுக்கு வேலை குடுத்தா மூணு காலுக்கு ஓய்வு. கணக்குப் போட்டுப் பாரு!"

அன்றிலிருந்து சுழியனின் பாடு சொல்லி மாளாது. விடிந்ததும் பத்துப் பாய்ச்சல். அது முடிந்ததும் நண்டிடம் காலை நீட்ட வேண்டும். அப்புறம் சேறு. சேறு உடம்பில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதைப் பல்லால் சுரண்டி எடுக்கவே ஒரு பொழுது ஆகும். உச்சி வெயிலில் மரமுண்டின்மேல் கையை விரித்து நிற்க வேண்டும். சாயங்காலம் ஒற்றைக் கால். நடுவில் கொக்கு மீன் விழுங்குவதை எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கண் அயரலாம் என்றால் அதற்கு எங்கே நேரம்?

"மூச்சு விட நேரமில்லை அலைச்சி! அவ்வளவு ஓய்வு எடுத்துக்கிட்டு இருக்கேன்!" என்றான் பெருமையாக. கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தன. "பாறையனைப் பாரு, பாவம். எடுத்துச் சொல்ல ஒரு நாதி இல்லை அவனுக்கு."

அலைச்சி தினமும் கிழக்குக் கரை ஓரமாகத்தான் மீன் பிடிக்கப் போவாள். பாறையன் என்ன செய்கிறான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அவனும் உங்களை மாதிரிதான் பாயறான்," என்றாள். "ஆனா பாஞ்சதும் கரையேறி விழறதில்லை. கோரைப் புல்லைச் சுத்தி மெதுவா, சும்மா உலாத்துற மாதிரி நாலு சுத்து நீந்தறான். மூச்சு நிதானமாகுது. அப்புறம் வயிறு நிறையத் திங்கறான். அப்புறம் தூங்கறான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? எழுந்திருக்கறான்!"

சுழியன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதெல்லாம் ஒரு வைத்தியமா? இது எந்தக் குட்டிக்கும் தெரியுமே! நமக்கு நாலு பேர் கூட இருந்து பாக்கறாங்க, தெரியுமா?"

"அந்த நாலு பேருல ஓடித் தண்ணியில பாயறது யாரு?"

"ஏன், நீர்க்காகம் இல்லையா?"

"அது இறக்கை நனைஞ்சா பறக்க முடியாதுன்னு காயப் போடுது. நீங்க எந்த ஊருக்குப் பறக்கப் போறீங்க?"

சுழியன் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் போய்விட்டான்.

போட்டி நாள் வந்தது. ஏரியில் இருந்த அத்தனை பேரும் கரையில் கூடிவிட்டார்கள். நடுவர் ஆமைதான். பனங்கட்டையின் நுனியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது தண்ணீருக்குள் விழுகிற சத்தம்தான் பாயத் தொடங்குவதற்கு அடையாளம்.

"இரண்டு பாய்ச்சலுக்கு நடுவில் இடைவேளை உண்டு," என்று ஆமை அறிவித்தது. "அதோ கரையில் நிற்கிற பனைமரத்தின் நிழல் ஒரு முழம் சுருங்கும் வரை. அதற்குமேல் ஒரு நொடிகூடக் கிடையாது!"

தொபுக்!

இரண்டு நீர்நாய்களும் பாய்ந்தார்கள். பயமும் ரோசமும் சேர்ந்து சுழியனைத் தள்ளிக்கொண்டு போயின. ஐந்து நாள் பட்டினியெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோனது. ஒரே ஒரு மீசை முடி அளவுக்கு முந்தி மதகுக் கல்லைத் தொட்டான்.

"மேற்குக் கரைக்கு ஒன்று!" என்றது ஆமை.

"பாத்தியா? எல்லாம் என் பிடியாலதான்!" என்றது நண்டு.

"என் சேத்தாலடா!" என்றது எருமை.

சுழியன் மூச்சிரைக்கக் கரையேறினான். ஏறியதும் நாலு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். நேரமோ கொஞ்சம்தான். வைத்தியமோ நாலு. ஒருநாள் பூராவும் செய்கிறதை ஒரு முழ நிழலுக்குள் செய்தாக வேண்டுமே! சேற்றில் முங்க வைத்து, அதோடு தூக்கி நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, விரித்த கையோடு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, நின்ற காலை நண்டு பிடித்தது. கரையில் இருந்த தவளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

அந்தப் பக்கம் பாறையன் கரையேறவே இல்லை. கோரையைச் சுற்றி மெதுவாக நாலு சுற்று நீந்தினான். சின்னதாக ஒரு மீனைத் தின்றான். மல்லாந்து மிதந்துகொண்டே ஒரு கொட்டாவி விட்டான்.

"நிழல் சுருங்கியாச்சு!" என்று ஆமை குரல் கொடுத்தது.

தொபுக்!

பாதி தூரம் வரை சுழியன் சரியாகத்தான் போனான். அதற்குமேல் கால்கள் அவனுடைய பேச்சைக் கேட்கவில்லை. காதில் சேறு. வயிற்றில் ஒன்றுமில்லை. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. பாறையன் அவனைத் தாண்டிப் போனதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது பாறையன் மதகுக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"கிழக்குக் கரைக்கு ஒன்று! இனி மிச்சம் ஒரே பாய்ச்சல்!" என்றது ஆமை.

மேற்குக் கரை வளைக்குள்ளிருந்து குட்டிகள் கத்துவது கேட்டது. மேலே ஒரு பருந்து வந்து ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனது. சுழியன் அதைப் பார்த்தான். பிறகு குட்டிகள் இருந்த வளையைப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன், இன்னும் அழுத்திப் பிடிச்சிருக்கணும்!" என்றது நண்டு.

"சேறு பத்தலை! கழுத்தோட நிறுத்தினா எப்படி?" என்றது எருமை.

"கையை ஒழுங்கா விரிச்சானா? மடங்கியில்ல இருந்துச்சு!" என்றது நீர்க்காகம்.

"ராத்திரி எதையோ தின்னுருக்கான்," என்றது கொக்கு.

"நான் ஒண்ணுமே திங்கலையே!" என்றான் சுழியன் அழாக்குறையாக.

அப்போது அலைச்சி வந்தாள். வாயில் ஒரு கெண்டை இருந்தது. அதைக் கீழே போட்டாள். கொக்கின் கழுத்து பழக்க தோஷத்தில் நீண்டது. அலைச்சி அந்த மீன்மேல் காலை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினாள். கொக்கின் கழுத்து வந்த வழியே திரும்பிப் போனது.

"எல்லாரும் கிளம்புங்க!" என்றாள்.

"இல்லை அலைச்சி, இடைவேளை கொஞ்சம்தான் இருக்கு..." என்று இழுத்தான் சுழியன்.

"அதனாலதான் சொல்றேன். கிளம்புங்க!"

அவள் குரலைக் கேட்ட பிறகு எருமைகூட அங்கே நிற்கவில்லை. சுழியன் மட்டும் எழுந்து மறுபடி மரமுண்டின்மேல் ஏறப் போனான்.

"யோவ்!" என்றாள் அலைச்சி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. சுழியன் அசந்து நின்றான்.

"குட்டி மூணு. வாய் ரெண்டு," என்றாள் அவள். "எதை விட்டுட்டுப் போறதுன்னு நீயே சொல்லிடு. சொல்லிட்டு அப்புறம் போய்க் கையை விரிச்சுக்கிட்டு நில்லு."

சுழியனுக்கு அழுகை வந்துவிட்டது.

"பயமா இருக்கு அலைச்சி," என்றான். "சும்மா இருந்தா ரொம்பப் பயமா இருக்கு. அதான் ஏதாவது செஞ்சுக்கிட்டே இருக்கேன். செஞ்சுக்கிட்டே இருந்தா, ஜெயிச்சுடுவோம்னு தோணுது."

அலைச்சியின் கோபம் அதோடு இறங்கிப் போனது. பக்கத்தில் வந்து அவன் காதில் இருந்த சேற்றை நக்கி எடுத்தாள்.

"பயப்படுங்க, வேண்டாம்னு சொல்லலை. எனக்கும்தான் பயம். ஆனா சும்மா இருந்து பயப்படுங்க. வாங்க, தண்ணிக்குள்ளே."

இருவரும் ஏரிக்குள் இறங்கினார்கள். வேகம் இல்லை, போட்டி இல்லை. நாணல் ஓரமாக, பக்கத்தில் பக்கத்தில், இளவயதில் இரண்டு பேரும் சுற்றித் திரிந்த மாதிரி மெதுவாக நீந்தினார்கள். முதல் சுற்றில் சுழியனின் நெஞ்சு படபடத்தது. இரண்டாம் சுற்றில் கொஞ்சம் தணிந்தது. மூன்றாம் சுற்றில் சேறெல்லாம் கரைந்து அவன் ரோமத்தின் நிறம் தெரிந்தது. நாலாம் சுற்றில் வால் அவன் சொன்ன பக்கம் திரும்பியது.

"அட!" என்றான் சுழியன்.

"பேசாதீங்க," என்றாள் அலைச்சி.

கரையேறியதும் கெண்டையில் பாதியைக் கொடுத்தாள். ஐந்து நாளைக்குப் பிறகு தின்கிற மீன். அவன் மீதிப் பாதியையும் பார்த்தான்.

"அது ஜெயிச்சு வந்த பிறகு. இப்போ படுங்க."

நாணல் நிழலில் படுத்தான். மறுபடி எழுந்து ஏதாவது செய்துவிடுவானோ என்று அவன் வால்மேல் தலையை வைத்து அழுத்திக்கொண்டாள் அலைச்சி. எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததும் சுழியனுக்குக் கண் சொருகியது.

அது இருக்கட்டும். துரத்திவிட்ட நாலு வைத்தியர்கள் என்ன ஆனார்கள்? வைத்தியம் சொல்லிப் பழகின வாய் சும்மா இருக்குமா? நேரே கிழக்குக் கரைக்குப் போய்விட்டார்கள்.

பாறையன் அப்போதுதான் முதல் சுற்று நீந்தத் தொடங்கியிருந்தான்.

"நில்லு, நில்லு!" என்றது கொக்கு. "ஒண்ணு ஜெயிச்சாச்சுன்னு மெத்தனமா உலாத்திக்கிட்டு இருக்கியே! முதல் பாய்ச்சல்ல சுழியன் உன்னை எப்படி முந்தினான் தெரியுமா? எல்லாம் எங்க கைங்கர்யம்!"

பாறையன் யோசித்தான். பிறகு வாயைத் திறந்தான். "அப்ப ரெண்டாவதுல ஏன் தோத்தான்?"

"பத்தியத்தை மீறிட்டான்," என்றது கொக்கு, ஒரு இமைகூட அசையாமல்.

பாறையனுக்கு இதுவரை யாரும் யோசனை சொன்னதே இல்லை. அவன் வாயைத் திறக்காததால் அவனுக்கு வலி இருக்கிறதா என்று யாருக்கும் தெரிந்ததில்லை. இப்போது நாலு பேர் தேடி வந்து நிற்கிறார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே, ஒரு சந்தேகமும் வந்தது. மிச்சம் இருப்பது ஒரே பாய்ச்சல். வெறும் உலாத்தலும் தூக்கமும் போதுமா? கூடுதலாக ஏதாவது செய்தால் நல்லதுதானே?

"சரி," என்றான் பாறையன். "என்ன செய்யணும்?"

"காலை நீட்டு மாப்ளே!" என்றது நண்டு.

நிழல் சுருங்கியது. ஆமை பனங்கட்டையின் நுனிக்கு வந்தது. மேற்குக் கரையிலிருந்து சுழியன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். கிழக்குக் கரையிலிருந்து தலை முதல் வால் வரை சேறு பூசிக்கொண்டு, நாலு காலும் நொண்டியபடி ஓர் உருவம் வந்தது. அது யாரென்று ஆமைக்கே உடனே அடையாளம் தெரியவில்லை.

தொபுக்!

பாய்ந்தார்கள். பாறையன் பலசாலி. அவ்வளவு சேற்றோடும் அவன் விடவில்லை. பாதி தூரம் வரை இருவரும் மூக்கோடு மூக்காகத்தான் போனார்கள். போன தடவை கால்கள் கைவிட்ட அதே இடம் வந்தது. சுழியன் பல்லைக் கடித்துக்கொண்டான். இந்தத் தடவை கால்கள் வந்தன. வாலும் வந்தது. குட்டி மூணு, குட்டி மூணு என்று அவன் நெஞ்சு அடித்தது. பின்னால் பாறையனின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டே போனது.

சுழியன் மதகுக் கல்லில் முட்டியே நின்றான்.

"மேற்குக் கரைக்கு இரண்டு! மடு மேற்குக் கரைக்கு!" என்று ஆமை கூவியது.

நாணல் அதிர ஆரவாரம். சுழியன் ஏதாவது பெருமை பேசுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனோ கல்லைக் கட்டிக்கொண்டு, "தொட்டேனா? நான்தானே தொட்டேன்?" என்று கேட்டான். பிறகு தேம்பித் தேம்பி அழுதான். அதற்கப்புறம் ஓடிப்போய் மீதிக் கெண்டையைத் தின்றான்.

பாறையன் மெதுவாக நீந்தி வந்து பக்கத்தில் ஏறினான்.

"இந்தச் சேறு போகுமா?" என்று கேட்டான்.

"ரெண்டு நாள் ஆகும். பல்லால சுரண்டணும்," என்றான் சுழியன், அனுபவசாலியாக.

பாறையன் தலையை ஆட்டிக்கொண்டான். நல்லவேளை, அவனுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டவை. சாயும் வெயிலில் அப்பா அம்மாவுக்குப் பின்னால் தங்கள் காலாலேயே வரிசையாக ஆற்றுக்கு நடந்தன. பருந்து ஒரு வட்டம் அடித்துப் பார்த்தது. அவற்றின் உருவத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது.

கோடை வந்தது. ஏரி வற்றியது. மடுவில் மட்டும் தண்ணீர் தளும்பியது. ஒரு நாள் காலையில் மீன் துரத்தி முடித்த சுழியன், நாலு சுற்று மெதுவாக நீந்தி, வயிறு நிறையத் தின்று, மதகு நிழலில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்துவிட்ட குட்டிகள் மூன்றும் அவன் வயிற்றின்மேல் ஏறி உருண்டுகொண்டிருந்தன.

கொக்கு மெல்ல வந்து நின்றது. ஒற்றைக் கால், ஒற்றைக் கண்.

"சுழியா! ரொம்ப நாளா உன்னைப் பாக்கணும்னு இருந்தேன். ஜெயிச்ச களைப்புக்குன்னு புதுசா ஒரு வைத்தியம் இருக்கு. மீன் பத்தியம்தான், வேற ஒண்ணும் இல்லை..."

சுழியன் கண்ணைத் திறக்கவே இல்லை.

"அலைச்சி," என்றான், "நான் வேலையா இருக்கேன்னு சொல்லி அனுப்பிடு."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: உழைத்த உடம்பு கேட்பது கொஞ்சம் நிதானமும் வயிற்றுக்குச் சோறும் நல்ல தூக்கமும்தான், பயத்தில் அந்த ஓய்வையும் ஒரு வேலையாக்கிக்கொள்கிறவன் செய்த உழைப்பையும் இழந்துவிடுவான்.